நாற்பத்து மூன்று மில்லிமீட்டர்

என் வேலை என்னவென்று பாளையங்கோட்டையில் யாருக்கும் புரியவைத்து நான் வெற்றி பெற்றதில்லை. அம்மா தன் தோழிகளிடம் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துவிடுவாள். எதிர் வீட்டுக்காரர் ஒருமுறை தன் வீட்டு இணையம் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார். நானும் போய்ச் சரிசெய்து கொடுத்துத் தொலைத்தேன். அன்றோடு என் தொழில் அதுதான் என்று தெருவில் முடிவாகிவிட்டது.

நான் செய்வது வேறு. சூடும் பாரமும் சேர்ந்து தாக்கும்போது உலோகம் எப்படி உருமாறும் என்று கணிப்பொறியில் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது. இரும்பு சூடானால் நீளும். நீளவிடாமல் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டால் வளையும். வளையவும் விடாவிட்டால், எங்கே பலவீனமோ அங்கே கிழியும். சூடு இன்னும் கூடினால், பழுப்பதற்கு முன்பே, தன் விறைப்பை விட்டுவிட்டு மெல்லத் தொய்ய ஆரம்பிக்கும். அப்படித் தொய்ந்தது ஆறின பிறகும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. இதில் புதிதாக ஒன்றும் இல்லை, எந்தக் கொல்லருக்கும் தெரிந்த விஷயம்தான். எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை நாளில் என்று எண்ணில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு உறுப்பைக் கணிப்பொறியில் வரைந்து, அதை லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டுவோம். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தை எவ்வளவு தள்ளுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று இயந்திரம் கணக்குப் போடும். அதற்கு முன்னால் நான் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். என்ன உலோகம், எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த முனை பிடிபட்டிருக்கிறது, எந்த முனை விடுபட்டிருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை நான் என்ன சொன்னாலும் கணிப்பொறி நம்பும். எதிர்க்கேள்வி கேட்காது.

பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். முதலில் சென்னையில் ஒரு அலுவலகத்தில், பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் மாடி அறையில். நான் பார்க்காத நாடுகளில், நான் பார்க்காத மின்நிலையங்களில் சுழலும் சக்கரங்களின் ஆயுளை நான் கணித்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நேரில் பார்த்தால்தான் புரியும் என்பவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் இளக்காரம் இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு அரிசி மில் வைத்திருக்கிறார். நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும் மில். உமியை எரித்து ஓடும் பாய்லர் ஒன்று தனிக் கொட்டகையில் இருக்கிறது. அங்கிருந்து நீராவி ஒரு குழாய் வழியாக முற்றத்தைக் கடந்து, மில்லின் சுவரைத் துளைத்துக்கொண்டு, உள்ளே நெல் அவிக்கும் தொட்டிகளுக்குப் போகும். ஐப்பசியில், கார் நெல் வந்து குவிந்திருந்த ஒரு நாள் மதியம், அந்தக் குழாய் சுவருக்குப் பக்கத்தில் பற்றவைப்பு விட்டு வெடித்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் பக்கத்தில் யாரும் இல்லை. அரை மணி நேரம் முன்னால் நடந்திருந்தால் நெல் அள்ளும் பெண்கள் நாலைந்து பேராவது வெந்திருப்பார்கள்.

அன்று மாலையே மாமா போன் செய்தார்.

"ஏட்டி, நம்ம மில்லு ஸ்டீம் பைப்பு சாரப்பாம்பு மாதிரி நெளிஞ்சு கெடக்கு. வெல்டு விட்டுப் போச்சு. நீ இந்த மாதிரிதானே என்னமோ பாக்குதே? வெள்ளக்காரனுக்கெல்லாம் பாத்துக் குடுக்குதே, மாமனுக்குப் பாத்துக் குடுக்க மாட்டியோ?"

படங்கள் அனுப்பச் சொன்னேன். முப்பது படங்கள் வந்தன. மில் கட்டின காலத்து வரைபடத்தையும் படம் எடுத்து அனுப்பினார். முற்றத்துக் குழாய் இருபத்து நான்கு மீட்டர் நீளம். தகட்டு உறை போர்த்தியிருந்தும் வளைவு நன்றாகவே தெரிந்தது. நடுவில் ஒரு சாணுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு நின்றது. பாய்லரில் நிற்பவர் மணிக்கு மணி ஆவி அழுத்தத்தைக் குறித்து வைக்கும் நோட்டின் பக்கங்களையும் கேட்டு வாங்கினேன்.

கல்லிடைக்குறிச்சி பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். போயிருக்கலாம். போகவில்லை. படமும் வரைபடமும் இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்பது என் வழக்கம்.

இரண்டு நாளில் கணக்கு முடிந்தது. வரைபடத்தில் சுவரில் குழாயை விடப் பெரிய துளை ஒன்று காட்டியிருந்தது. குழாய் அதைத் தொடாமல் உள்ளே போகும், அந்தப் பக்கம் வளைத்து விட்டிருக்கும் பகுதி நீட்சியை வாங்கிக்கொள்ளும். ஆகவே சுவரில் குழாய் விடுபட்டிருக்கிறது என்று கொடுத்தேன். வழக்கமான ஆவியின் சூட்டில், அதாவது நூற்றெண்பது டிகிரி வாக்கில், என் குழாய் சாதுவாக நீண்டது, சாதுவாகச் சுருங்கியது. வளையவே இல்லை. படத்தில் கண்ட வளைவு வர வேண்டுமானால் சூட்டை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. முந்நூறில் ஒன்றும் இல்லை. நானூற்றைம்பதைத் தாண்டியதும் இரும்பு தொய்ந்தது. அந்தச் சூட்டுக்கு ஆவி போக ஒரே வழிதான் உண்டு. பாய்லரில் தண்ணீர் குறைந்து, வெறும் இரும்பு நெருப்பில் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பாய்லர்க்காரரின் தலையாய வேலை. அவர் பார்க்கவில்லை.

நோட்டில் வேறு அழுத்தம் பத்து, பத்து, ஒன்பதரை, பத்து, பத்து என்று மாதக்கணக்கில் ஒரே மாதிரி எழுதியிருந்தது. உமி அடுப்பு அப்படி எரியாது என்று எனக்குத் தோன்றியது. உண்மையான அளவுகள் ஏறும், இறங்கும். இது உட்கார்ந்த இடத்தில் எழுதியது. பதினாறு பக்க அறிக்கையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கினேன்: பதிவேட்டின் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல. ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த வரி கச்சிதமாக அமைந்ததில் எனக்குத் திருப்திகூட இருந்தது.

மாமா அறிக்கையைப் படித்தாரா என்பது சந்தேகம். கடைசிப் பக்கத்தை யாரோ வாசித்துச் சொல்லியிருப்பார்கள். பாய்லர்க்காரரை அன்றே நிறுத்திவிட்டார். அதோடு, பாய்லர் நடத்துவதற்கு அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த சான்றிதழ் மில் அலுவலகத்துப் பெட்டியில் இருந்தது. வேலைக்குச் சேரும்போது மூலத்தை வாங்கி வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து மில்களில் பழக்கம். அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போடாம விட்டதே பெருசுன்னு சொல்லிட்டேம்ட்டி" என்று போனில் சொன்னார். தான் பெரிய மனது பண்ணியதாகவே அவர் நம்பினார். அந்தத் தாள் இல்லாமல் அந்த மனிதரால் இனி எந்தப் பாய்லர் பக்கத்திலும் நிற்க முடியாது என்று எனக்கும் தெரியும். தண்ணீரைப் பார்க்காத ஆளுக்கு அது சரிதான் என்று நினைத்தேன்.

அவரைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐம்பதை நெருங்கும் வயது, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்தவர் என்பதுதான். தோட்டம் நின்று, சனங்கள் எல்லாம் மலையை விட்டு இறங்கினபோது இவரும் மனைவியோடு இறங்கி, மணிமுத்தாறில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். மேலே தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்த அனுபவம் இருந்ததால் மாமா எடுத்துக்கொண்டார். இறங்கி வந்தவர்களில் தெரிந்த வேலையே கிடைத்த ஒருசிலரில் அவர் ஒருவர்.

பிறகு நான் அதை மறந்துவிட்டேன். இப்படிச் சொல்ல நன்றாக இல்லை, ஆனாலும் உண்மை அதுதான்.

மாசியில் மாமாவின் பேத்திக்குக் காது குத்து. குடும்பத்தோடு போனோம். இலையிலிருந்து எழுந்த கையோடு சொந்தங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, முப்பத்தாறு வயதுக்கு மேல் எனக்கு எங்கே மாப்பிள்ளை கிடைப்பான் என்று என்னிடமே கவலைப்பட ஆரம்பித்தார்கள். தப்பிக்க வழி தேடியபோது மில் ஞாபகம் வந்தது. மாமாவின் வீட்டுக்குப் பின்னாலேயே மில். பிசானப் பருவ அறுவடை முடிந்து நெல் வந்துகொண்டிருந்த நேரம், விசேஷ நாளென்றும் பாராமல் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் புதுக் குழாய் பளபளவென்று நின்றது. கார்த்திகையில் மாற்றியது. நான் சும்மா அதன் கீழே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடைசித் தூண் வரை நேர் பார்த்தேன். நேராக இல்லை. நடுவில் இரண்டு விரல் அகலம் இடப்பக்கம் தள்ளியிருந்தது.

இப்போது கொட்டகையில் வேறு ஆள். அவரைக் கேட்டுத் தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. அழுத்தம் சரி. சூடு சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது அந்தக் குழாய் வளைந்துகொண்டிருந்தது.

குழாயைப் பின்தொடர்ந்து சுவர் வரை போனேன். வரைபடத்தில் துளை இருந்த இடத்தில் துளை இல்லை. குழாயைச் சுற்றிலும் சிமெண்டுக் கலவை வைத்து, அழகாக வழித்து, மேலே வெள்ளையும் அடித்திருந்தது. ஐப்பசியில் எனக்கு வந்த முப்பது படங்களிலும் அந்த இடம் இருந்திருக்கிறது. வெள்ளைச் சுவருக்குள் ஒரு குழாய் போகிறது, அவ்வளவுதான் தெரியும். வரைபடம் கையில் இருந்ததால் நான் படத்தில் அந்த இடத்தை உற்றுப் பார்க்கவில்லை.

மாமாவைப் பந்தலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"இது எப்பம் அடைச்சீங்க மாமா?"

"அதுவா? ஆயுத பூசைக்கு வெள்ளையடிக்கும்போது. எலி, ட்டி. காலைல பைப்பு குளுந்து கெடக்கும்போது அது மேலயே நடந்து வந்து, அந்த ஓட்டை வழியா உள்ள இறங்கி நெல்லைத் திங்கி. எலிக்குப் பின்னால பாம்பு வேற. பொம்பளையாளு உள்ள வர மாட்டேங்குதாவ. கொத்தன்கிட்டச் சொல்லி நல்லா கெட்டிக் கலவையா வச்சு அடைச்சாச்சு. இப்பம் ஒரு எலி கிடையாது, பாத்துக்கோ."

முகத்தில் அவ்வளவு பெருமை. தப்பு சொல்ல முடியாத பெருமையும்கூட. நெல் வைத்திருப்பவன் துளையைக் கண்டால் அடைக்காமல் என்ன செய்வான்? மில் கட்டினவர் எதற்காக அந்த இடைவெளியை விட்டார் என்று யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. குழாய் மாற்ற வந்தவர்களும் சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள இணைப்போடு நிறுத்திக்கொண்டதால் அந்த அடைப்பு அப்படியே இருந்துவிட்டது. கார்த்திகை, மார்கழியில் மில் அரைகுறையாக ஓடியதால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். ஒரே ஒரு மாற்றம். சுவரில் குழாய் பிடிபட்டிருக்கிறது. நூற்றெண்பது டிகிரி போதும், என் குழாய் படத்தில் கண்ட பக்கமே சாய்ந்து, படத்தில் கண்ட இடத்திலேயே கிழிய நின்றது. இருபத்து நான்கு மீட்டர் இரும்புக்கு அந்தச் சூட்டில் நாற்பத்து மூன்று மில்லிமீட்டர் இடம் வேண்டும். அது கிடைக்கவில்லை. நடந்தது முழுவதும் அதுதான். தண்ணீர் குறையவில்லை. யாரும் கண்ணயரவில்லை.

நோட்டின் படங்களை மறுபடியும் திறந்தேன். பத்து, பத்து, ஒன்பதரை, பத்து. தேயிலை உலர்த்தும் இடத்தில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தூள் கெட்டுவிடும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வருடம் அப்படி நெருப்பை ஒரே சீராகப் பிடித்துப் பழகிய கை. உமியைக்கூட அளந்து போட்டிருக்கிறார். ஒரு மனிதர் தன் வேலையை மிக நன்றாகச் செய்ததைப் பார்த்துவிட்டு, இது பொய் என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல் வேறெதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

இரண்டாவது அறிக்கை எழுதுவது எளிதாக இருந்தது. முதல் கணக்கில் சுவரின் நிலை தவறாகக் கொள்ளப்பட்டது, இப்போது திருத்தப்பட்டுள்ளது என்று தொடங்கினேன். சுவரின் இடைவெளியை மீண்டும் திறக்கப் பரிந்துரைக்கப்படுகிறது என்று முடித்தேன். மாமாவுக்கு அனுப்பி, போனிலும் சொன்னேன். கடினமாக இருந்தது அந்தச் சான்றிதழை வாங்குவதுதான்.

"அப்பம் நான்தான் பைப்பை ஒடச்சேன்னு எழுதுதியோ?" என்றார் மாமா. "ஊர்ல கேட்டா என்ன சொல்லுவான்? மருமவளே மாமன் மேல எழுதிட்டான்னு சிரிக்க மாட்டான்?"

"நீங்க மட்டுமில்ல, நானுந்தான். அவரு மேல இல்லன்னு மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

"முடிஞ்சு போனத ஏன்ட்டி கிண்டுதே? அவன் எங்கயோ போயி வேலை பாக்கான். பைய பாத்துக்கிடலாம்."

அம்மா அவர் பக்கம். தம்பி முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. ஒரு வாரம் வீட்டில் எனக்குக் காப்பி கேட்டால்தான் கிடைத்தது. பத்தாவது நாள் நானே கல்லிடைக்குறிச்சிக்குப் போய், மில் அலுவலகத்தில் மாமாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சான்றிதழ் கைக்கு வராமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னேன். ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் மாமா பெட்டியைத் திறந்து, அதை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். "உங்க அம்மைக்கு இருக்கிற பிடிவாதம் அப்படியே இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பாய்லர்க்காரர் திருச்செந்தூரில் பக்தர்கள் தங்கும் ஒரு விடுதியில் வாசல் காவலுக்கு இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. நான் சான்றிதழ் வாங்கியது அந்த நாளாகப் பார்த்துத்தான். அங்கிருந்து நேராக மணிமுத்தாறுக்கு வண்டியை விட்டேன். வாடகை வீடு, ஒரே அறை, வாசலில் தகரச் சாய்ப்பு. ஒல்லியான, நரைத்த மனிதர். கைலியும் பனியனுமாக இருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். பின்னால் நின்ற அவர் மனைவி காப்பி போடப் போய்விட்டார்.

சான்றிதழைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடிப்பு விழாமல் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். அறிக்கையை வாங்கிப் புரட்டிவிட்டு, "இங்கிலீஷா இருக்கே, மேடம்" என்றார்.

தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். சுவரில் அடைப்பு இருந்தது, அது முதலில் கணக்கில் வரவில்லை, இப்போது வந்துவிட்டது, தண்ணீர் மட்டம் சரியாகவே இருந்திருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். காப்பியோடு வந்த அவர் மனைவி டம்ளரை வைத்துவிட்டு நின்று கேட்டார்.

"அப்பம் இவுக மேல தப்பு இல்ல."

"இல்ல."

"பொறவு யாரு மேல?"

சுவர், கலவை, வரைபடம் என்று எத்தனையோ பதில்கள் கையில் இருந்தன. அந்த அம்மா பார்த்த பார்வையில் அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன்.

"எம்மேலதான்" என்றேன். "நான் வந்து பாத்திருக்கணும். வரல. இவங்க எழுதினத பொய்யின்னு நான்தான் எழுதினேன்."

அவர் மனைவி தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மலைமேலதான் பொறந்து வளந்தது. அத விட்டு இறங்குனப்பகூட இவுக அழல. லாரில சாமான ஏத்திட்டு, வா போலாம்னாக. உங்க காயிதத்த வாசிச்சுச் சொன்ன அன்னைக்கு வந்து, இந்தச் சுவத்தைப் பாத்து உக்காந்து அழுதாக. தண்ணிய நான் பாக்காம இருப்பேனான்னு எங்கிட்டக் கேட்டாக. எனக்கு என்ன தெரியும்? படிச்சவுக எழுதியிருக்காகளே, ஒருவேளை கண்ணசந்துட்டீகளோன்னு நானும் கேட்டுட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அது அந்த அறையில் யாருக்கும் உதவாத சொல்லாக இருந்தது.

"அத ஏன் இப்பம் சொல்லுதே" என்று அவர் மனைவியை அதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பைப்பு எதுக்குத் தள்ளுதுன்னு எனக்கும் அப்பம் புரியல மேடம். தள்ளுதுன்னு மில்லு அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். கார் நெல்லு முடியட்டும்னாரு. நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார். எனக்குச் சமாதானம் சொல்லுகிற மாதிரி இருந்தது. திடீரென்று ஏதோ தோன்றியவராக நிமிர்ந்தார்.

"இப்பம் அங்கன நிக்குதது யாரு?"

"புதுசா ஒருத்தரு. அம்பாசமுத்திரத்துக்காரருன்னு நெனைக்கேன்."

"அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அறிக்கையில எழுதியிருக்கேன். சுவத்தை ஒடைக்கணும்னு."

"எழுதுனது சரி. ஒடச்சாச்சா?"

எனக்குத் தெரியவில்லை. மாமா "ஆகட்டும்" என்றது மட்டும் தெரியும். அன்று காலை அரை மணி நேரம் அந்த மில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தடி நடந்து முற்றத்தை எட்டிப் பார்க்கவில்லை. சான்றிதழ் கிடைத்ததும் என் பங்கு முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிவிட்டால் அது நடந்துவிட்டதாகவே நினைத்துப் பழகிப்போன மனசு.

"எவ்வளவு தள்ளியிருந்திச்சு, நீங்க பாக்கும்போது?"

"ரெண்டு வெரக்கடை. பத்து நாளாச்சு."

அவர் எழுந்துவிட்டார். "அன்னைக்கு ரெண்டு வெரலு, ஆறு நாள்ல ஒரு சாணாச்சு மேடம். போனப் போடுங்க."

மாமாவை அழைத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன். பின்னணியில் பாய்லர் விசிறியின் இரைச்சல். சுவரை உடைத்தாயிற்றா என்று கேட்டேன்.

"கொத்தன் வியாழக்கிழமை வாரேன்னிருக்காம்ட்டி. நெல்லு வந்து குவிஞ்சு கெடக்கு, இப்பம் எங்கன நிறுத்த? இது முடியட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, நான் பேசுதேன். ஸ்டீமை நிறுத்தச் சொல்லுங்க."

ஐப்பசிக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

"தொட்டில நெல்லு பாதி அவிஞ்சு கெடக்கு வே" என்றார் மாமா. குரல் தணிந்திருந்தது.

"கெடக்கட்டும். அத நான் வந்து பாத்துக்கிடுதேன். பைப்புப் பக்கத்துல இருக்குத ஆளுவள மொதல்ல வெளிய வரச் சொல்லுங்க. அந்த ஆளுகிட்ட வால்வை ஒரேயடியா அடைக்காண்டாம், பைய அடைக்கச் சொல்லுங்க. உமி போடுதத நிறுத்தட்டும். நான் வர இருபது நிமிசம் ஆவும். அது வரைக்கும் யாரும் உள்ள போவக் கூடாது."

"சரி வே" என்றார் மாமா.

இரண்டாவது அறிக்கையாலும் பத்து நாள் சண்டையாலும் என்னால் முடியாதது அது. போனைக் கையில் பிடித்தபடியே பாய்லர்க்காரர் நின்றார். யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், பெண்களின் குரல்கள். விசிறியின் இரைச்சல் குறைந்து குறைந்து நின்றது. அது நின்ற பிறகுதான் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் மனைவி கொடியில் கிடந்த சட்டையை எடுத்து நீட்டினார். அவர் மாட்டிக்கொண்டார். நான் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனேன்.